பெனிக்னா சேவல் என்று சொன்ன குஞ்சு

மேல் சான் இசித்ரோவில் வான்கோழி இல்லாத வீடு கிடையாது. ஆனால் எட்டு வாரக் குஞ்சைக் கையில் எடுத்து, இது சேவல், இது பெட்டை என்று அடித்துச் சொல்லக்கூடியவள் பெனிக்னா ஒருத்திதான். ஊர்ப் பெண்கள் குஞ்சுகளைக் கூடையில் போட்டு, மேலே துணி கட்டி அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள். முதலில் குஞ்சுகளைத் தரையில் விட்டு, அவை நிற்கிற நிலையைப் பார்ப்பாள். சேவல் குஞ்சு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடித்து, காலின் கனத்தை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பாள். அலகுக்கு மேலே முளைத்திருக்கும் சதையை நகத்தால் மெதுவாக இழுப்பாள். சேவலுக்கு அது நீளும், பெட்டைக்கு அவ்வளவாக நீளாது. மார்பு இறகின் நுனியைப் பார்ப்பாள். சேவலுக்குக் கறுப்பு, பெட்டைக்கு வெளுப்பு. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அது எச்சம் போடும்வரை காத்திருப்பாள். சேவலின் எச்சம் தூண்டில் முள்போல வளைந்து விழும். பெட்டையுடையது சுருண்டு விழும். பதினெட்டு வருடத்தில் அவள் வாக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பக்கத்து வீட்டு தெல்ஃபினா மட்டும் ஒரு முறை எதிர்த்துப் பேசினாள். ஒரு குஞ்சைக் காட்டி, "இது பெட்டைடி, எனக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். பெனிக்னா சேவல் என்றாள். நாலு மாதத்தில் அது கொளகொளவென்று கூவியபோது பெனிக்னா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உன் பெட்டைக்கு ஜலதோஷமா தெல்ஃபினா? குரல் மாறிடுச்சே!" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

இந்தக் கண்தான் அவளுக்குச் சொத்து. கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் ருதிலியோவுக்கு இருபத்து நான்கு வயது, மரம் அறுக்கும் மில்லில் வேலை. பேச்சு குறைவு, குடி கிடையாது. அப்படிப்பட்டவனுக்குப் பெண் கிடைப்பதில் என்ன தடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஊருக்குள் யாரும் கேட்க மாட்டார்கள்.

பதினாறு வயதில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வற்றும் முன்பே கீழே இறங்கிவிட்டது. மூன்று நாள் நடக்க முடியாமல் கிடந்தான். பெனிக்னா அவனைப் பஸ்ஸில் ஏற்றி டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளிடம் மட்டும் சொன்னார்: "பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா." வெளியே வந்ததும் பையன் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்லையாம்டா, கல்லு மாதிரி இருக்கியாம்" என்றாள். வரும் வழியில் அவனுக்கு ஒரு ஆரஞ்சுச் சோடா வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கட்டிலில் கிடந்த மூன்று நாளை ஊர் மறக்கவில்லை.

அந்த ஊரில் பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஜோடி இளம் வான்கோழி கொண்டுபோக வேண்டும். சந்தையில் வாங்கியது ஆகாது. மாப்பிள்ளையின் தாய் தன் வீட்டுப் பெட்டையை அடைவைத்துப் பொரித்ததாக இருக்க வேண்டும். பெண் வீட்டு வாசலில் நின்று அவள் அவற்றைச் சிறகைப் பிடித்துத் தூக்கி, "இது ஆண், இது பெண். எங்க வீட்டுல உள்ளது உள்ளபடி" என்று சொல்வாள். பெண்ணின் தகப்பன் வாங்கிக்கொண்டால் சம்மதம். கல்யாணம் வரை ஜோடி அவர்கள் கொல்லையில் வளரும். கல்யாணத்தன்று சேவல் ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போகும். பெட்டை புதுக் குடித்தனத்துக்கு முட்டையிடப் போகும். மனம் மாறினால் கால்களைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ருதிலியோவுக்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுபோன ஜோடி மூன்றாம் நாளே திரும்பி வந்தது. காரணம் சொல்லவில்லை.

அதனால் இந்தத் தடவை பெனிக்னா எல்லாவற்றையும் யோசித்துச் செய்தாள். பெண், கீழ்த்தெரு அபுந்தியோவின் மகள் சிரேனியா. அபுந்தியோ ஆனைக்கற்றாழைக் கள் இறக்குகிறவர், விடியுமுன்னே மலைக்குப் போய்விடுவார், பிறர் வீட்டுக் கதையைக் காதில் வாங்காதவர். மே மாதத்தில் பெட்டை பதினொரு குஞ்சு பொரித்தது. பதினொன்றில் நல்ல ஜோடி ஒன்றா அமையாது? அவித்த முட்டையும் பச்சை வெங்காயத்தாளும் நறுக்கிப் போட்டு வளர்த்தாள். எட்டு வாரத்தில் ஐந்து சேவல், ஆறு பெட்டை என்று பிரித்தாள். மிகப் பெரிய சேவலின் காலில் சிவப்பு நூல் கட்டினாள்.

ஆகஸ்டு மழையில் குஞ்சுகளுக்கு அம்மை போட்டது.

முதலில் கண்ணோரம் ஒரு பரு. பிறகு தலை முழுவதும் கறுத்த பொருக்கு. சாம்பலையும் பன்றிக் கொழுப்பையும் குழைத்துத் தடவினாள். எலுமிச்சை பிழிந்தாள். மழை ஓயவே இல்லை, கொல்லைச் சேறு காயவே இல்லை. சிவப்பு நூல் கட்டியது நாலாம் நாள் போயிற்று. பத்து நாளில் ஏழு போயிற்று. குவித்துப் புதைத்தபோது பொருக்கேறிய தலைகளில் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. மிஞ்சியது நான்கு. மூன்று பெட்டை, அதில் ஐயமில்லை. நாலாவது நோயில் இளைத்து, தலையும் அலகும் பொருக்கு மூடி, மார்பு இறகெல்லாம் உதிர்ந்து கிடந்தது. சதையை இழுத்துப் பார்க்க வழியில்லை. கால் கனத்தைப் பார்த்தால் நடுத்தரம். எச்சம் நோயில் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று: செப்டம்பர் நடுவில் எழுந்து நின்ற அன்று, மற்ற மூன்றுக்கும் எதிரே அது வாலை விரித்துச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தது.

"பாத்தியா! சேவல்!" என்றாள் பெனிக்னா.

கூட்டத்தில் சேவல் இல்லாதபோது துணிச்சலான பெட்டையும் வாலை விரிக்கும். இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

பெண் கேட்கப் போகும் நாளுக்கு முந்தின மாலை, ருதிலியோ கூடைக்கு வண்ணக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தான். கோழியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா, இது கொஞ்சம் சின்னதா இல்லை?"

"அம்மை போட்டு எழுந்தது. நீ பொன்னுக்கு வீங்கி வந்து எழுந்தப்ப எப்படி இருந்தே? ஒட்டடைக் குச்சி மாதிரி."

அவன் சிரிக்கவில்லை. "நிச்சயமா சேவல்தானே?"

"என்னையாடா கேக்கறே? ஊரே என்கிட்ட வந்து கேக்குது!"

"இல்லம்மா. சந்தேகமா இருந்தா அடுத்த வருஷம் போகலாம்னு சொன்னேன்."

"அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு உனக்காக உக்காந்திருக்குமா? அப்புறம் உனக்கு யாரு குடுப்பா?"

சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. ருதிலியோ காகிதத்தின் ஓரத்தை மடித்து ஒட்டினான்.

மறுநாள் அபுந்தியோ வீட்டு வாசலில் அவள் இரண்டையும் தூக்கிப் பிடித்தாள். "இது ஆண், இது பெண். எங்க வீட்டுல உள்ளது உள்ளபடி." குரல் கணீரென்று வந்தது. அபுந்தியோ கோழியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உங்க கை பிரிச்ச கோழியை நான் என்ன பாக்கறது?" என்று வாங்கி மனைவி மெலித்தோனாவிடம் கொடுத்தார். மெலித்தோனா ஒவ்வொன்றின் மார்பையும் ஒரு தடவை வருடிவிட்டு, "அம்மை நல்லாவே போட்டிருக்கு போலிருக்கே சம்பந்தியம்மா" என்றாள். "பொழைச்சதுதான் கெட்டி" என்றாள் பெனிக்னா. உள்ளே சிரேனியா கதவருகில் நின்று ருதிலியோவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வருடக் கணக்காகிவிட்டது. கல்யாணம் தவக்காலத்துக்கு முந்தைய சனிக்கிழமை என்று குறித்தார்கள்.

பெனிக்னா மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். மார்ச்சில்தான் பெட்டைகள் முட்டையிட ஆரம்பிக்கும். கல்யாணம் பிப்ரவரி. அதற்குள் சேவலென்றால் சேவலாகிவிடும். பெட்டையென்றாலும் ஞானத்தகப்பன் வீட்டில் மறுநாளே மோலே குழம்புக்குள் போய்விடும்.

அக்டோபரிலிருந்து அவள் சோளம் அரைக்கும் மில்லுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டாள். அபுந்தியோவின் கொல்லைக்குக் கற்றாழை வேலி. ஒரு இடத்தில் மட்டும் முகம் நுழைகிற அளவு சந்து. சுண்ணாம்பில் வெந்த சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே ஒரு நிமிடம் நிற்பாள். பொருக்கு உதிர்ந்து தலை தெளிந்துவந்தது. அலகின் மேல் சதை சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்து நின்றுவிட்டது. நவம்பரில் மார்பில் புது இறகு முளைத்தது. தூரத்திலிருந்து நுனி வெளுப்பாகத் தெரிந்தது. வெயில் பட்டதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேகம் மூடிய நாளில் வந்து பார்த்தாள். வெளுப்பாகவே இருந்தது. டிசம்பரில் ஒரு நாள் அது வேலிக்குப் பக்கத்திலேயே வந்து எச்சம் போட்டுவிட்டுப் போனது. பெனிக்னா குனிந்து சந்துக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள்.

சுருண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்து சோளமாவைக் கல்லில் வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ருதிலியோ வந்து, "என்னம்மா, அடுப்பு அணைஞ்சிருக்கு?" என்றான். அவன் கையில் மில் முதலாளி கொடுத்த பைன் பலகைகள். கட்டில் செய்யப் போகிறானாம். "தலைமாட்டுல பூ செதுக்கலாம்னு இருக்கேன். சிரேனியாவுக்கு என்ன பூ பிடிக்கும்னு எப்படிக் கேக்கறது?" என்றான். பெனிக்னா அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் ஏறியது நல்லதாய்ப் போயிற்று.

ஜனவரியில் அபுந்தியோவின் தாய் இறந்துபோனாள். துக்க வீட்டில் கல்யாணம் நடத்த முடியாது. துக்கம் முடிவதற்குள் கல்யாணமே நடத்தாத தவக்காலம் வந்துவிடும். கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு தள்ளினார்கள். சவ அடக்கத்தில் எல்லோரும் அழுதார்கள். எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் பெனிக்னா. "பாரேன், சம்பந்தம் ஆகறதுக்கு முன்னாடியே எவ்வளவு பாசம்!" என்றாள் ஒருத்தி.

பிப்ரவரி கடைசி வாரம் பெனிக்னா தெல்ஃபினாவின் வேலிக்கு வந்து நின்றாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு.

"தெல்ஃபினா."

தெல்ஃபினா துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "யாரோ என் பேரைச் சொல்ற மாதிரி இருக்கு. காத்தா இருக்கும்."

"ஒரு சேவல் வேணும். கருஞ்செம்பு நிறத்துல, பத்து மாசத்தது. உன்கிட்ட ரெண்டு நிக்குது."

"உங்க வீட்டுல இல்லாத சேவலா?"

"ரெண்டு பெட்டை தரேன்."

இப்போது தெல்ஃபினா நிமிர்ந்தாள். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வேலி அருகே வந்தாள். "ஒரு சேவலுக்கு ரெண்டு பெட்டை. முட்டையிடப் போற நேரத்துல. இப்படி வியாபாரம் பண்ணினா நீ கோயில் வாசல்ல உக்கார வேண்டியதுதான்." கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். "உன் கோழிக்கு ஜலதோஷமா, பெனிக்னா?"

பெனிக்னா வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

தெல்ஃபினாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "வாயைத் தொறந்து சேவல்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி, எடுத்துட்டுப் போ. பெட்டை ஒண்ணு போதும்" என்றாள். சேவலைப் பிடித்துக் கொடுக்கும்போது, "மணிச் சத்தம் கேட்டா இது சும்மா இருக்காது. பாத்துக்கோ" என்றும் சொன்னாள். பெனிக்னா காதில் அது ஏறவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குமேல், மெலித்தோனா சோளம் அரைக்க மில்லுக்குப் போகிற நேரம் பார்த்து அவள் கிளம்பினாள். சேவலின் காலைக் கட்டி, சால்வைக்குள் பிள்ளையைப் போலச் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டாள். அபுந்தியோ மலையில். சிரேனியா தண்ணீர்க் குழாயில். எல்லாவற்றையும் முந்தின வாரமே நின்று பார்த்து வைத்திருந்தாள். கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். இரண்டு கோழிகளும் கற்றாழை ஓரம் நின்றுகொண்டிருந்தன. தான் சேவல் என்று சொன்னதை நோக்கி ஓசைப்படாமல் நாலடி வைத்தாள். இன்னும் இரண்டடி. கையை நீட்டினாள்.

கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்தது.

அவள் முதுகில் சேவல் கொளகொளகொளவென்று கூவியது. அடுத்த மணிக்கும் கூவியது. பெனிக்னா சால்வையை அமுக்கிப் பிடித்தாள். மூன்றாவது மணிக்கு இன்னும் உரக்கக் கூவியது.

"சம்பந்தியம்மா, உங்க சால்வை கத்துது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மெலித்தோனா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சோளப் பாத்திரத்தை மூடத் துணி எடுக்க மறந்து திரும்பி வந்திருக்கிறாள்.

"அதை இறக்கி விடுங்க. மூச்சு முட்டப்போகுது."

பெனிக்னா சால்வையை அவிழ்த்தாள். கால்கட்டை மெலித்தோனாதான் வந்து அவிழ்த்துவிட்டாள். சேவல் உதறிக்கொண்டு நின்றது.

"நான் வந்து... இதுக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"எனக்குக் கல்லறைத் திருநாளுக்கே தெரியும்" என்றாள் மெலித்தோனா. "மார்பு இறகு வெளுக்க ஆரம்பிச்சப்பவே. நானும் கோழி வளக்கறவதான். உங்களை மாதிரி எட்டு வாரத்துல சொல்லத் தெரியாது, ஆறு மாசத்துல தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வேலிச் சந்துல உங்க தலைப்பாரம் தெரியும். இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு நானும் அடுப்படியிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "சேவலெல்லாம் அம்மைல செத்துப்போச்சு, மிஞ்சினது இதுதான்னு சொல்லியிருந்தா நானா திருப்பி அனுப்பப்போறேன்?"

பெனிக்னா வெறும் சால்வையை மடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வாசல்ல வெச்சு, எங்க வீட்டுல உள்ளது உள்ளபடின்னு சொன்னீங்க. அதுல பொய்யி இந்தக் கோழி மட்டுந்தானா?"

கோழி மட்டும்தான். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது சேவல் வாலை விரித்தது. தலை நீலமும் சிவப்புமாக மாற, சிறகைத் தரையில் தேய்த்துக்கொண்டு இரண்டு கோழிகளையும் சுற்றி வந்தது. பெனிக்னா தன் கையால் தூக்கிப் பிடித்து ஆண் என்று சொன்னது, அதன் எதிரே வந்து, கழுத்தைத் தாழ்த்தி, தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்தது.

இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"தெரியலை" என்றாள் பெனிக்னா. "பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம்னாரு டாக்டர். எட்டு வருஷம் ஆச்சு. இந்தக் கோழியையும் அப்படித்தான், தெரியாமத்தான் சேவல்னு சொன்னேன்."

"பையன் என்ன சொல்றான்?"

"அவனுக்குத் தெரியாது. அவன்கிட்ட நல்லா இருக்கேடான்னு சொல்லிட்டேன்."

"மாதாவே!" என்றாள் மெலித்தோனா. சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஒரு கல்யாணம் நடந்துட்டாப் போதும். அப்புறம் கடவுள் பாத்துப்பாரு. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"காலெல்லாம் பிடிக்காதீங்க. கோழியை எங்க வீட்டுக்காரர்கிட்ட மறைச்சேன், மறைக்க முடிஞ்சுது. இதை மறைச்சா நாளைக்கு என் மக முகத்துல நான் முழிக்க முடியாது." அவள் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து பிடித்தாள். "உங்க சேவலை எடுத்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே தெருவில் நின்றபோது, அபுந்தியோ தாமே கூடையைத் தூக்கிக்கொண்டு மேல்தெருவுக்கு வந்தார். ருதிலியோ வாசலில் கட்டில் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலைமாட்டுப் பலகையில் ஒரு பூ பாதி செதுக்கி இருந்தது. மாமனாரைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

அபுந்தியோ கூடையை இறக்கினார். வழக்கப்படி காரணம் சொல்லாமல் போயிருக்கலாம். அவர் உள்ளேயிருந்து வந்த பெனிக்னாவைப் பார்த்து, "ரெண்டும் பெட்டைதான். அதுக்கு நான் வரலை. இந்த ஊர்ல யார் வீட்டுக் கோழியா இருந்தாலும் உங்க வார்த்தையைக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன். அந்த வார்த்தை பொய்யாப் போச்சே, அதுக்கு வந்தேன்" என்றார். பையன் தோளில் ஒரு தடவை கை வைத்தார். "உன்மேல எனக்குக் கோவமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, கூட்டம் விலகி வழிவிட, இறங்கிப் போய்விட்டார்.

ருதிலியோ கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். கால்கட்டை அவிழ்த்தான். கயிறு இறுகிய இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். கூடைக்குள், வண்ணக் காகிதத்தின் மேலே, புள்ளி போட்ட ஒரு முட்டை இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"எம்மேல கோவமில்லைன்னாரே, ஏன்?"

பெனிக்னா சொன்னாள். டாக்டர் சொன்ன வார்த்தைகளை வரிசை மாறாமல் சொன்னாள். இத்தனை வருடமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள்.

அவன் முட்டையை உள்ளங்கையில் உருட்டினான். "ஆரஞ்சுச் சோடா வாங்கிக் குடுத்தே" என்றான் கடைசியில்.

"உன் நல்லதுக்குத்தாண்டா..."

"முதல்ல பேசின பொண்ணு வீட்டுல திருப்பி அனுப்பினப்ப, என் மூஞ்சி பிடிக்கலைன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா கண்ணாடி பாத்துச் சவரம் பண்ணலை நான்."

முட்டையை அடுப்படி மாடத்தில் வைத்தான். கட்டில் சட்டத்தைப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினான். செவ்வாய்க்கிழமைப் பஸ்ஸில் வடக்கே போனான். பஸ் வரும்வரை அவள் பக்கத்தில் நின்று, தொர்த்தியா ரொட்டி கட்டிய துணியை அவன் பையில் திணித்தாள்.

"போய்ச் சேந்ததும் கடுதாசி போடுவியா?"

"பாக்கலாம்மா."

ஜூன் மாதம் குஞ்சு பொரிக்கும் காலம் வந்தது. கூடையோடு யாரும் வரவில்லை. கூப்பிட்டுத் திட்டியவர்களும் இல்லை. தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். குஞ்சை மட்டும் ஆறு மாதம் வளர்த்துத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் சிரேனியா வந்தாள். முன்றானைத் துணியில் ஒரே ஒரு குஞ்சு.

"அத்தை, இதைப் பாத்துச் சொல்லணும்."

பெனிக்னா வாங்கிப் பார்த்தாள். "இது பிறந்து பதினைஞ்சு நாளுகூட ஆகலையே. இதுல என்னம்மா தெரியும்?"

"தெரியாதுன்னு தெரியும். வீட்டுல வேற என்ன சொல்லிட்டு வர்றது?" அவள் நிழலில் நின்றாள். சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தாள். பாதிப் பூவை விரலால் தடவினாள். "அவரு விலாசம் இருக்கா?"

"ஒரு கார்டு வந்துது. நல்லா இருக்கேன்னு ஒரு வரி. விலாசம் எழுதலை."

"எந்த ஊர் முத்திரை?"

"தண்ணி பட்டு அழிஞ்சிருக்கு."

சிரேனியா தலையாட்டினாள். மறுபடி அந்தப் பலகைக்கே அவள் கண் போயிற்று.

"உனக்குத் தெரியாம நடந்துபோச்சும்மா. என்னை மன்னிச்சுக்கோ" என்றாள் பெனிக்னா.

"எது தெரியாம? அந்த வீங்கினதா?" சிரேனியா லேசாகச் சிரித்தாள், சிரிப்பாக இல்லை. "தண்ணிக் குழாயில பொம்பளைங்களுக்கு வேற என்ன பேச்சு? எனக்குப் பதினாலு வயசுலயே தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன்."

பெனிக்னா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "இதை உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரு கேட்டா அத்தை? ரெண்டு வீட்டுலயும் கோழியைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க."

கொல்லை மூலையில், சேவல் என்று சொல்லப்பட்டது பழைய கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. தெல்ஃபினாவின் சேவல் வேலியோரம் மண்ணைக் கிளறியது. பெனிக்னாவின் உள்ளங்கையில் இருந்த குஞ்சு எழுந்து நின்று, உடம்பைச் சிலிர்த்து, கட்டைவிரல் அகல வாலை விசிறிபோல விரித்தது.

"விரிக்குதே! அப்ப சேவலா?" என்றாள் சிரேனியா.

பெனிக்னா அதன் காலைப் பார்த்தாள். அலகைப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலை" என்றாள். சற்றுப் பொறுத்து, "பெட்டையும் விரிக்கும்" என்றாள்.

சிரேனியா குஞ்சை வாங்கி முன்றானையில் மூடிக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. வேலியோரச் சேவல் ஒவ்வொரு மணிக்கும் பதில் கூவியது.